வெட்டு டாக்டர், நூல் டாக்டர், நடுவில் ஒரு திரை

"வாழ்க்கையில ஒரு தடவையாவது 'வேண்டாம்'னு சொல்லியிருக்கியாம்மா நீ?"

ஒருமுறை ஒரு வாடிக்கைக்காரர் போனில் அவளிடம் இப்படிக் கேட்டார். அவர் வீட்டுச் சமையலறையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. காலையில் முதல் வேலையாக ஆள் வந்துவிடுவார் என்று அவள் சொல்லியிருந்தாள். அதே காலையில், அதே முதல் வேலையாக, ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு குளியலறைக்கும் அதே ஆள் வருவார் என்றும் சொல்லியிருந்தாள். கேட்டவர்கள் இரண்டு பேரும் பாவமாகக் கேட்டார்கள். அவள் என்ன செய்வாள்?

வாடிக்கைக்காரரின் கேள்வியை அவள் நன்றாக யோசித்துப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

கடைக்காரம்மா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். குழாய், வாஷர், வளைவு, அடைப்பான் எல்லாம் விற்கிற சின்னக் கடை. வெளியே போய் ஒழுகலை அடைப்பது அவள் கணவர் குழாய்க்காரரின் வேலை. உள்ளே உட்கார்ந்து போனை எடுத்து "சரிங்க" சொல்வது அவள் வேலை. அவர் அடைத்த குழாய்கள் ஊரெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தன. வீட்டுக் குழாய் மட்டும் வாளியில் சொட்டிக்கொண்டே இருந்தது. "ஊரான் ஒழுகலை அடைக்கவே நேரம் போதல, நம்ம ஒழுகல் எங்க ஓடிடப் போகுது?" என்பார். அவள் அதற்கும் சரி என்பாள்.

ஒருநாள் மேல்தட்டிலிருந்து வாஷர் பெட்டியை எடுக்க ஏணியில் ஏறியவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மூச்சு, கிணற்றில் விழுந்த வாளி மாதிரி எங்கோ கீழே கிடந்தது. குழாய்க்காரர் ஓடி வந்து இறக்கினார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, எந்த நோயையும் தன் தொழிலிலேயே தேடிப் பார்க்கிற மனிதர் என்பதால், தன்னுடைய கம்பியை எடுத்துவந்தார்.

அது முழ நீளத்தில் ஒரு இரும்புக் கம்பி. சுவருக்குள் ஓடும் குழாயில் ஒழுகல் எங்கே என்று தெரியாவிட்டால், கம்பியின் ஒரு முனையைச் சுவரில் வைத்து மறுமுனையைக் காதில் வைப்பார். ஒழுகல் இருந்தால் கம்பி 'உஸ்' என்று சொல்லிக்கொடுக்கும். இப்போது அதை மனைவியின் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஒழுகுது" என்றார்.

சுவர், தரை, கூரை எதைக் கேட்டாலும் முதலில் "ஒழுகுது" என்று சொல்லுவது அவர் வழக்கம். அதனால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். இதயத்தின் இடது பக்கத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற வால்வில் ஓட்டை. ஓட்டை என்றால் துளை இல்லை; கதவு சரியாகச் சாத்தவில்லை. முன்னே போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னாலேயே திரும்பிவருகிறது. அறுவை செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் இதயம் பெருத்துத் துவண்டுவிடும் என்றார்கள்.

குழாய்க்காரருக்கு மனைவியைப் பற்றிய கவலை ஒரு கண்ணில் என்றால், மானம் இன்னொரு கண்ணில். "நான் உசிரோட இருக்கும்போது என் வீட்டு ஒழுகலை இன்னொருத்தன் வந்து அடைக்கிறதா? வெளிய தெரிஞ்சா எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?" என்று புலம்பினார். யார் கேட்டாலும் பல் வலி என்று சொல்லச் சொன்னார். அவளும் சரி என்றாள். ஒரு வாரத்துக்குள் தெருவில் பாதிப்பேர் அவளுக்குப் பல்வலிக்குக் கைமருந்து சொல்லிவிட்டார்கள்.

*

அந்த ஆஸ்பத்திரியில் வால்வுக்கு ஒட்டுப் போடுவதில் கைதேர்ந்த டாக்டர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரே அறை. நடுவில் ஒரு பச்சைத் திரை. ஒரு காலத்தில் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள், இப்போது ஒருவர் மூச்சுக் காற்று மற்றவர் மேல் படக்கூடாது என்று இருந்தார்கள். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு மேசை. நோயாளி உட்காரும் நாற்காலி மட்டும் ஒன்றே ஒன்று. அதை எந்தப் பக்கம் போடுவது என்று முடிவாகாததால் சரியாக நடுவில் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் திரை தலைக்கு மேல் வந்து, மூக்கை உரசி, மடியில் விழும்.

கடைக்காரம்மா அப்படித்தான் உட்கார்ந்தாள். வலது கையை ஒரு டாக்டர் பிடித்துப் பார்த்தார், இடது கையை மற்றவர் பிடித்துப் பார்த்தார். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரியே அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தது. வலது பக்கம் இருந்தவர் வெட்டு டாக்டர். இடது பக்கம் நூல் டாக்டர்.

"பாருங்கம்மா" என்றது வலது பக்கம். "இந்த வால்வுக்கு ரெண்டு இதழ். இதழ் மேல தூக்கிட்டுப் போகாம இருக்க, கீழேயிருந்து நூல் மாதிரி நரம்புங்க பிடிச்சிருக்கும், குடைக்கம்பி மாதிரி. உங்களுக்கு அதுல ரெண்டு மூணு அறுந்துபோச்சு. அதனால ஒரு இதழ் தொளதொளன்னு மேல துருத்திக்குது. நான் என்ன செய்வேன்னா, அந்தத் தொங்குற துண்டை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைச்சு, சுத்தி ஒரு வளையம் வச்சு இறுக்கிடுவேன். காலங்காலமா செஞ்சு பார்த்த முறை. தொளதொளன்னு இருக்கறதை யாராவது வச்சிருப்பாங்களா?"

"சிஸ்டர்" என்றது இடது பக்கம், "அந்தப் பக்கம் இருக்கறவர்கிட்ட சொல்லுங்க, வெட்டி எறிஞ்சது திரும்பி வளராதுன்னு."

நர்ஸ் திரைக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். "வெட்டி எறிஞ்சது திரும்பி வளராதாம் டாக்டர்" என்றாள். அவள் வேலையில் பாதி இதுதான்.

"எனக்கும் காது இருக்குன்னு சொல்லுங்க" என்றார் வெட்டு டாக்டர். நர்ஸ் மறுபடி குனிந்தாள்.

"அம்மா, நீங்க இப்படிக் கேளுங்க" என்றது இடது பக்கம். "இதழ் மேல ஒரு குத்தமும் இல்ல. அறுந்தது நூல். நூல் அறுந்தா நூலைத்தானே மாத்தணும்? நான் ஒரு துளிகூட வெட்ட மாட்டேன். புது நூல் எடுத்து, கீழே தசையில ஒரு முடிச்சு, மேல இதழ் ஓரத்துல ஒரு முடிச்சு. அப்புறம் வளையம். இதழ் முழுசா இருக்கும், நல்லா அசையும், நல்லா மூடும். நூலோட நீளம்தான் சூட்சுமம். அதுக்கு என்கிட்ட அளவுகோல் இருக்கு."

அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அவரே வளைத்துச் செய்த சின்னக் கம்பி அளவுகோல் அது. அறையில் எல்லாவற்றையும் கழுவித் துடைக்கிற நர்ஸ்கூட அதைத் தொட்டதில்லை. அவர் விடமாட்டார்.

குழாய்க்காரர் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு சந்தேகம்.

"சார், வேலை செய்யறதுக்கு முன்னாடி மெயினை மூடுவீங்களா?"

"மூடுவோம்" என்றன இரண்டு பக்கமும். இதயத்தை நிறுத்திவிட்டு, ரத்தத்தை ஒரு மெஷின் வழியாகச் சுற்றவிடுவார்களாம். குழாய்க்காரர் முகம் மலர்ந்தது. காலில் இருக்கிற ரத்தக்குழாய் வழியாகப் போய், இதயம் துடிக்கத் துடிக்கவே இதழ்களைச் சேர்த்துக் கிளிப் போடுகிற முறையும் உண்டு, அறுவை தாங்காத உடம்புக்காரர்களுக்கு அது என்று நர்ஸ் சொன்னபோது மட்டும் அவருக்குச் சுருக்கென்றது. "ஓடுற தண்ணியிலயே வேலையா? எங்க தொழில்ல அப்படிச் செஞ்சா கடையை மூட வேண்டியதுதான்."

"முடிச்சதும் தண்ணி விட்டுப் பாப்பீங்களா?"

"கண்டிப்பா. வால்வுக்குள்ள தண்ணியைப் பீச்சி, ஒழுகலைன்னு பார்த்துட்டுத்தான் மூடுவோம்."

குழாய்க்காரர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நம்ம ஆளுங்கதாண்டி" என்று மனைவியின் காதில் சொன்னார்.

"அப்ப நானே செஞ்சிடட்டுமாம்மா?" என்றது வலது பக்கம். குரலில் அத்தனை கனிவு.

"சரிங்க டாக்டர்."

"என்கிட்டயே வந்துடுங்கம்மா" என்றது இடது பக்கம். அதில் இன்னும் கனிவு.

"சரிங்க டாக்டர்."

அவள் எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள் என்று வலது கைக்காரருக்குத் தெரியவில்லை. இடது கைக்காரருக்கும் தெரியவில்லை; காதில் விழுந்த இரண்டு 'சரிங்க'வும் தனக்குத்தான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். திரை அதற்குத்தானே இருக்கிறது?

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் காத்திருந்தார். குழாய்க்காரரின் அக்கா. பழையதைத் தைத்துப் போடுவது என்ற பேச்சே அவருக்கு ஆகாது. "கிழிஞ்சதுல ஒட்டுப் போட்டா ஒட்டுன இடத்துலயே கிழியும். பேசாம புதுசா மாத்திடச் சொல்லு. உலோகத்துல கிடைக்குதாமே, சாகற வரைக்கும் தேயாதாம்."

"அது டிக் டிக்குனு சத்தம் போடுமாம்க்கா. ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணுமாம்" என்றார் தம்பி.

"சத்தம் போட்டா போடட்டும். அவதான் வாயே திறக்க மாட்டேங்கறா, நெஞ்சாவது பேசட்டும். அது வேணாம்னா மாட்டோட திசுவுல செஞ்சது இருக்காம், பன்னியோடதும் இருக்காம்."

"அது கொஞ்ச வருசத்துல தேஞ்சிடுமாம்."

"எந்தப் பன்னின்னு விசாரிச்சு வாங்குனா ஏன் தேயுது? எதையும் நல்ல இடத்துல வாங்கணும்டா." அவர் கடைக்காரம்மா பக்கம் திரும்பினார். "என்ன, மாத்திடலாம்ல?"

"சரி அண்ணி" என்றாள் கடைக்காரம்மா.

*

ஆஸ்பத்திரியில் சேர்ந்த மத்தியானம், நர்ஸ் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது, கடைக்காரம்மா தானாக ஒரு கேள்வி கேட்டாள். அவள் தானாகக் கேட்பது அபூர்வம்.

"சிஸ்டர், நான் மயக்கத்துல தூங்கிட்டேன்னா, நான் சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"என்னம்மா சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

நர்ஸ் கையிலிருந்த தலையணை நழுவியது. ஓடிப்போய் அறுவை அரங்கில் விசாரித்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பிவந்தாள். மறுநாள் காலை, ஒரே அரங்கு, ஒரே நெஞ்சு. அதைத் திறக்க வெட்டு டாக்டரும் இடம் போட்டிருந்தார், நூல் டாக்டரும் இடம் போட்டிருந்தார். இது போதாதென்று, 'நோயாளியின் சம்மதத்தோடு' நாத்தனார் போன் பண்ணிச் சொல்லியிருந்ததால் ஒரு புது உலோக வால்வும் பெட்டியில் வந்து உட்கார்ந்திருந்தது.

கடையில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. அங்கே இரண்டு வீட்டுக்கு ஒரு ஆள். இங்கே இரண்டு ஆளுக்கு ஒரு வீடு. அந்த வீடு அவளுடைய நெஞ்சு.

உடனே எல்லோரையும் திரை அறைக்கு வரச் சொன்னார்கள். கடைக்காரம்மாவை மறுபடி நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். குழாய்க்காரர் கையில் கம்பியோடு வந்தார். நாத்தனார் வால்வுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார், யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

"என்கிட்டதான் முதல்ல சரின்னாங்க" என்றார் வெட்டு டாக்டர்.

"கடைசியா சொன்னதுதான் கணக்குன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றார் நூல் டாக்டர்.

"அப்ப நான்தான் கடைசி" என்றார் நாத்தனார்.

நர்ஸ் குனிந்து குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வெட்டுவது மேல், கட்டுவது மேல் என்று இரண்டு பேரும் தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள். கடைக்காரம்மா திரைக்கு நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கவே இப்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாளைக் காலை தூங்கிவிடுவாள். விழித்திருக்கும்போதே இப்படி என்றால், தூங்கிய பிறகு தன் நெஞ்சுக்குள் யார் யார் கை நுழையுமோ என்று நினைத்தாள். ஆனால் வாய் வரவில்லை.

குழாய்க்காரர் பொறுமை இழந்தார்.

"நிறுத்துங்க சார்! எங்க தொழில்ல ஒரு நியாயம் இருக்கு. ஒழுகுற குழாயைக் கேக்கறதுக்கு முன்னாடி ஒழுகாத குழாய் ஒண்ணைக் கேக்கணும். அப்பத்தான் வித்தியாசம் தெரியும். மொதல்ல ஒரு நல்ல நெஞ்சைக் குடுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அவர் கம்பியோடு அக்காவிடம் போனார்.

"கிட்ட வந்தே, கம்பியை வளைச்சு உன் கழுத்துலயே மாட்டிடுவேன்" என்றார் நாத்தனார்.

நர்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மிச்சம் கைக்கெட்டிய நெஞ்சு வெட்டு டாக்டருடையது. குழாய்க்காரர் கம்பியை நீட்டினார்.

"வேண்டாம்" என்று வெட்டு டாக்டர் பின்வாங்கினார். அவர் முகம் திடீரென்று வெளுத்தது. கோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கூச்சப்படாதீங்க சார், ஜில்லுனு இருக்கும், அவ்வளவுதான்."

ஒருவர் இழுக்க, ஒருவர் தடுக்க, கோட்டுப் பொத்தான் தெறித்தது. கூடவே சட்டைப் பொத்தானும். கழுத்துக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக்கு நடுவே நேராக இறங்கிய தழும்பு ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டது. வெளுத்துப்போன, பழைய, அழகாகத் தைத்த தழும்பு.

ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது என்பது நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டதிலிருந்து தெரிந்தது.

குழாய்க்காரர் கம்பியை வைக்காமல் விடவில்லை. கேட்டார். "ஒரு சத்தமும் இல்ல" என்றார் பிரமிப்போடு. அவர் வாழ்க்கையில் எதைக் கேட்டும் இப்படிச் சொன்னதில்லை. "அருமையான வேலை. யார் சார் செஞ்சது?"

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நர்ஸ் இல்லாமல், நேராகவே குரல் வந்தது.

"நான்."

"நீ செஞ்சது வேலை இல்லடா, துரோகம்!" வெட்டு டாக்டரும் நர்ஸ் இல்லாமலேயே கத்தினார். பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேரடியாகப் பேசிய முதல் பேச்சு அது. "எனக்கும் இதே வால்வு, இதே ஒழுகல். உன்னை நம்பிப் படுத்தேன். என்ன சொல்லிட்டுப் படுத்தேன்? வெட்டித் தைன்னு சொன்னேன். ஆயிரம் தடவை சொன்னேன். நான் தூங்குனதும் நீ என்ன செஞ்சே? நூலைக் கட்டிட்டே!"

"திறந்து பார்த்தா அருமையான இதழ். எப்படிடா வெட்ட மனசு வரும்? உனக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

"நான் கேட்டதைச் செஞ்சியா?"



கடைக்காரம்மா திரையை மூக்கிலிருந்து விலக்கினாள்.

"டாக்டர்" என்றாள் வெட்டு டாக்டரிடம். "இப்ப மாடிப்படி ஏறுனா உங்களுக்கு மூச்சு வாங்குதா?"

"இல்ல." அதைச் சொல்ல அவருக்கு அவமானமாக இருந்தது.

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல" என்றார், ஏதோ புகார் கொடுப்பதுபோல. "ஒழுகித் தொலைச்சிருந்தாலாவது இவன்கிட்ட நாலு கேள்வி கேட்டிருப்பேன். வருசா வருசம் படம் எடுத்துப் பார்க்கிறேன். நல்லாவே மூடுது, சனியன்."

திரைக்குப் பின்னால் நூல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜெயித்தவரின் செருமல்.

எல்லோரும் அவள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

"எனக்கு வெட்ட வேண்டாம்" என்றாள்.

குழாய்க்காரர் கம்பியைக் கீழே போட்டார். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவர் கேட்டதே இல்லை.

"புதுசு மாத்தவும் வேண்டாம் அண்ணி. பெட்டியைக் குடுத்துடுங்க." ஒன்று வந்த பிறகு மற்றவை தானாக வந்தன, அடைப்பு எடுத்த குழாயில் வருவதுபோல. "நூல்தான் கட்டணும்."

"நல்ல முடிவும்மா" என்று நூல் டாக்டர் எழுந்தார். "நாளைக்குக் காலையில—"

"நீங்களும் வேண்டாம் டாக்டர்."



அவள் வெட்டு டாக்டரைப் பார்த்தாள். "நீங்க கட்டுங்க."

"நானா? நான் வெட்டறவன்மா."

"கட்டத் தெரியாதா?"

"தெரியும். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கத்துக்கிட்டோம். சின்ன வயசுல நிறையக் கட்டியிருக்கேன்." அவர் தழும்பைத் தடவிக்கொண்டார். "நீளம்தான் பிரச்சினை. மயிரிழை கூடினாலும் ஒழுகும், குறைஞ்சாலும் ஒழுகும். அதுல அவன் கெட்டிக்காரன். அவன்கிட்டயே செஞ்சுக்கலாமே?"

"அவர் கெட்டிக்காரர்தான்" என்றாள் கடைக்காரம்மா. "ஆனா நான் தூங்குனப்புறம் அவருக்கு வேற ஏதாவது நல்லதுன்னு தோணிடும். எனக்கு நல்லது செஞ்சவங்கதான் டாக்டர் எல்லாருமே. என்னைக் கேட்டுச் செஞ்சவங்கதான் இல்ல. தூங்கறவ பேச்சை மாத்தினா முழிச்சப்புறம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். நீங்க மாத்த மாட்டீங்க." மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "உள்ள பார்த்துட்டு, நூல் கட்டவே முடியாது, மாத்தித்தான் ஆகணும்னா மாத்துங்க. அதையும் இப்பவே, முழிச்சிருக்கும்போதே சொல்லிட்டேன்."

அவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

நாத்தனார் பெட்டியை ஓசையில்லாமல் நர்ஸிடம் கொடுத்தார். குழாய்க்காரர் குனிந்து கம்பியை எடுத்தார். எதையாவது கேட்டாக வேண்டும் என்று தவித்து, "தண்ணி விட்டுப் பார்த்துட்டுத்தானே சார் மூடுவீங்க?" என்றார்.

"பார்த்துட்டுத்தான்" என்றார் வெட்டு டாக்டர். பிறகு கடைக்காரம்மாவிடம், "சரிங்கம்மா" என்றார்.

அந்த வார்த்தை தனக்குச் சொல்லப்படுவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்போது திரை அசைந்தது. நூல் டாக்டர் அதை ஒதுக்கிக்கொண்டு, தன் காலால் மிதித்தே அறியாத அந்தப் பாதி அறைக்குள் வந்தார். வெட்டு டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்று, திறந்துகிடந்த சட்டைக்குள் தெரிந்த தையலைக் கொஞ்சம் பார்த்தார். பையில் கைவிட்டு, தானே வளைத்துச் செய்த அந்தச் சின்னக் கம்பி அளவுகோலை எடுத்தார். ஒருமுறை கோட்டு விளிம்பில் துடைத்தார். மேசைமேல், வெட்டு டாக்டரின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். பிறகு, தன் கதவுக்குத் திரும்பாமல், எதிரில் இருந்த வெட்டு டாக்டரின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.